பழி பம்புக்கு, கோளாறு ஒயரில்!

பழைய டெம்போ வைத்திருப்பவர்கள் அறிய வேண்டிய விஷயம்

மும்பை, தாராவி:

அதிகாலை நான்கு மணி. ஆடி மாத மழை கொட்டிக் கொண்டிருக்கிறது. வாஷி மொத்த மார்க்கெட்டில் இருந்து சின்ன வெங்காயம், முருங்கைக்காய், வாழை இலைக்கட்டு ஆகியவற்றை ஏற்றிக் கொண்டு ஒரு பழைய டீசல் பிக்கப் வண்டி புறப்படுகிறது. ஆறு மணிக்குள் தாராவி 90 அடி ரோட்டில் நான்கு கடைகள், பிறகு மாட்டுங்காவில் இரண்டு கடைகள். இது அந்த ஓட்டுநருக்கு அன்றாட வேலை.

வாஷி கழிமுகப் பாலத்தின் நடுவில் வண்டி பொட்டென்று நின்றது. சாவியைத் திருகினால் செல்ப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. பின்னால் லாரிகளின் ஹாரன் சத்தம். அரை மணி நேரம் மழையில் நனைந்தபடி நின்ற பிறகு, எந்தக் காரணமும் இல்லாமல் வண்டி தானாகவே ஸ்டார்ட் ஆனது!

நாங்குநேரிப் பக்கத்தில் இருந்து பிழைப்புக்கு வந்தவர் அந்த ஓட்டுநர். சொந்த வண்டி என்று அவருக்கு இருப்பது இது ஒன்றுதான். வயது பதினெட்டு ஆகிவிட்ட வண்டி. மறுநாளே ஒரு பட்டறையில் கொண்டு போய் விட்டார்.

"பம்ப் போச்சு" என்றார்கள். டீசல் பம்பைக் கழற்றி ஓவராயில் செய்தார்கள். நான்கு நாள் வண்டி ஓடவில்லை. கடைக்காரர்கள் கையை விட்டுப் போய்விடக் கூடாதே என்று வாடகைக்கு வேறு டெம்போ பிடித்துச் சரக்கு அனுப்பினார். பட்டறைக் கூலி ரூ.18,000. மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக ஏலச்சீட்டில் எடுத்து வைத்த பணம் அதில் கரைந்தது.

மூன்றாம் நாள் மான்கூர்ட் சிக்னலில் வண்டி மறுபடியும் நின்றது.

"பழைய பம்ப் தாங்காது. புதுசு போடணும். ரூ.40,000 ஆகும்" என்றது அதே பட்டறை. மனைவி ஒன்றும் பேசாமல் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். அதை எடுத்துக் கொண்டு சேட்டுக் கடைக்குப் புறப்பட்டவரை, வழியில் பார்த்த இன்னொரு டெம்போ ஓட்டுநர் தடுத்து நிறுத்தினார். "அடகு வைக்கிறது நாளைக்கும் வைக்கலாம். முதல்ல சயான்ல இருக்கிற ஒயரிங் அண்ணாச்சிக்கிட்ட காட்டும்" என்றார்.

மூன்று கேள்விகள்

ஒயரிங் அண்ணாச்சிக்கு அறுபது வயது இருக்கும். நடைபாதை ஓரத்தில் ஒரு மரப்பெட்டிதான் அவருடைய பட்டறை. வண்டியின் பானெட்டை அவர் உடனே திறக்கவில்லை. முதலில் கேள்வி கேட்டார்.

"தம்பி, வண்டி எப்படி நின்னுது? இருமி இருமி நின்னுதா, பொட்டுனு நின்னுதா?"

"பொட்டுனுதான் அண்ணாச்சி. சாவியைத் திருப்பி அணைச்ச மாதிரி."

"மேட்டுல ஏறும்போது இழுவை குறைஞ்சுதா?"

"இல்லை. நிக்கிற நிமிசம் வரைக்கும் நல்லா இழுத்துது."

"எப்பல்லாம் நிக்கி?"

"மழை அன்னைக்கு நிக்கி. இல்லேன்னா பெரிய பள்ளத்துல விழுந்தா நிக்கி."

அண்ணாச்சி சிரித்தார். "அப்ப பம்பைத் தொட வேண்டாம். ஒயரைப் பார்ப்போம்."

பாதி வேலை இந்த மூன்று கேள்வியிலேயே முடிந்துவிட்டது. டீசல் வரத்தில் தடை இருந்தால் என்ஜின் மெல்ல மெல்லச் சாகும். திணறும், குலுங்கும், மேட்டில் இழுவை போகும், பிறகுதான் நிற்கும். குழாயிலும் பில்டரிலும் மிச்சம் இருக்கும் டீசல் தீர நேரம் ஆகும் அல்லவா? ஆனால் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் என்ஜின் அந்த நொடியே அணைந்துவிடும். திணறி நின்றால் டீசல், சட்டென்று நின்றால் ஒயர். முழுக்க முழுக்க இப்படித்தான் என்று சொல்ல முடியாவிட்டாலும், தேடலை எங்கே தொடங்குவது என்பதற்கு இதுவே நல்ல வழிகாட்டி.

டீசல் வண்டிக்கு மின்சாரம் எதற்கு?

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்திச் சூடேற்றி, அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக் கொள்ளும். அப்படி இருக்க, ஒயர் போனால் என்ஜின் ஏன் நிற்க வேண்டும் என்று பலர் கேட்பது உண்டு.

காரணம் ஒரு சின்னப் பொருள். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். சோலினாய்டு என்பது அதன் பெயர். பழைய பிக்கப் வண்டிகள் பலவற்றில் இருக்கும் ரோட்டரி பம்பின் தலைப்பக்கத்தில் இது திருகப்பட்டிருக்கும். சாவியைப் போட்டதும் அதற்கு 12 வோல்ட் மின்சாரம் வரும். உள்ளே இருக்கும் ஊசி பின்னுக்கு இழுக்கப்பட்டு டீசலுக்கு வழி திறக்கும். சாவியை அணைத்தால் மின்சாரம் போகும், ஸ்பிரிங் ஊசியைத் தள்ளும், வழி அடைபடும், என்ஜின் நிற்கும்.

ஆக, அந்த ஒற்றை ஒயரில் ஒரு நொடி மின்சாரம் தடைபட்டாலும் பம்ப் "சாவியை அணைத்துவிட்டார்கள்" என்றே எடுத்துக் கொள்ளும். பம்ப் நல்ல பம்பாகவே இருக்கும். ஆனால் பழி அதன் மேல் விழும்.

இன்னும் பழைய வண்டிகளில் இன்லைன் பம்ப் இருக்கும். அவற்றில் சிலவற்றில் என்ஜினை அணைக்கக் கேபிள் இழுக்க வேண்டும். அந்த வகையில் ஓடும் என்ஜினை ஒயர் நிறுத்துவதில்லை. உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்து வைத்துக் கொள்வது முதல் பாடம்.

இந்தப் பம்புகளை நம் நாட்டில் செய்தது 1951-ல் தொடங்கப்பட்ட மைக்கோ கம்பெனி. 2008-ல் அதன் பெயர் பாஷ் லிமிடெட் என்று மாறிவிட்டது. ஆனாலும் பட்டறைகளில் 'மைக்கோ பம்ப்' என்ற பேச்சு மறையவில்லை. டெம்போ என்ற பெயரும் அப்படித்தான். பஜாஜ் டெம்போ கம்பெனி 2005-ல் போர்ஸ் மோட்டார்ஸ் ஆகிவிட்டது. மும்பையிலோ எந்தச் சின்னச் சரக்கு வண்டியும் இன்றைக்கும் டெம்போதான்!

'டக்' சத்தம் கேட்கிறதா?

அண்ணாச்சி பானெட்டைத் திறந்தார். "என்ஜினை ஸ்டார்ட் பண்ணாதே. சாவியை மட்டும் போடு, எடு" என்றார். பம்பின் அருகே காதை வைத்துக் கேட்டார். சாவி போடும் ஒவ்வொரு தடவையும் சோலினாய்டில் இருந்து 'டக்' என்று சத்தம் வர வேண்டும். ஐந்து தடவையில் இரண்டு தடவை வரவில்லை.

அடுத்து, பேட்டரியில் இருந்து பியூஸ் வைத்த ஒரு தனி ஒயரைக் கொண்டு வந்து சோலினாய்டில் நேரடியாகக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் 'டக்' என்றது. செல்ப் அடித்ததும் என்ஜின் பிடித்துக் கொண்டது. பத்து நிமிடம் ஓடவிட்டார். நிற்கவே இல்லை.

"பம்பும் நல்லது, சோலினாய்டும் நல்லது. நடுவுல இருக்கிற ஒயர்தான் திருடன்" என்று தீர்ப்புச் சொன்னார்.

இந்தச் சோதனையில் ஒரு எச்சரிக்கை உண்டு. நேரடி ஒயர் கொடுத்த பிறகு சாவியைத் திருப்பினால் என்ஜின் அணையாது. ஒயரைக் கழற்றினால்தான் அணையும். வீடு போய்ச் சேர அவசரத்துக்கு இப்படிச் செய்யலாம். இதையே நிரந்தரமாக வைத்துக் கொள்ளக் கூடாது.

பேட்டரியில் 12.5, பம்பில் 8.9

பிறகு மீட்டரை எடுத்தார். சாவி போட்ட நிலையில் பேட்டரியில் 12.5 வோல்ட் காட்டியது. சோலினாய்டில் வைத்துப் பார்த்தால் 8.9 வோல்ட்தான். மீதி 3.6 வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. குழாயில் எங்கோ அடைப்பு இருந்தால் தெருக்கோடி வீட்டில் தண்ணீர் சொட்டுவது போலத்தான் இது. சோலினாய்டு சில சமயம் இழுக்கும், சில சமயம் இழுக்காது. வண்டி குலுங்கினால் இழுத்த ஊசியையும் விட்டுவிடும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சோலினாய்டில் இருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, கழற்றிய முனையில் மீட்டரை வைத்துப் பார்ப்பார்கள். 12.5 வோல்ட் முழுசாகக் காட்டும். "கரண்ட் சரியாக வருகிறது, பம்ப்தான் கெட்டது" என்று முடிவு கட்டுவார்கள். தலைமுடி போல ஒரே ஒரு இழை ஒட்டிக் கொண்டிருந்தாலும் மீட்டரில் முழு வோல்ட் காட்டும். ஏனெனில் மீட்டர் மின்சாரம் ஏறக்குறைய இழுப்பதே இல்லை. வேலை செய்யும் பொருளை மாட்டி வைத்துக் கொண்டு பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

மீட்டர் இல்லாதவர்கள் 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் சேர்த்து டெஸ்ட் லாம்பு செய்து கொள்ளலாம். அண்ணாச்சியும் அடுத்து அதைத்தான் எடுத்தார். பல்பின் ஒரு முனையைச் சோலினாய்டிலும் மறு முனையை எர்த்திலும் வைத்தார். மங்கலாக எரிந்தது. ஓட்டுநரை உள்ளே உட்கார வைத்து ஒயரிங்கை இடம் இடமாக அசைக்கச் சொன்னார். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு இடத்தைத் தொட்டதும் பல்பு அணைந்தது. விட்டதும் எரிந்தது.

திருடன் அகப்பட்டான்!

முருகன் மேல் குற்றம் இல்லை

டேஷ்போர்டைப் பிரித்துப் பார்த்தபோது ஓட்டுநர் தலையைக் குனிந்து கொண்டார்.

இரண்டு வருடங்களுக்கு முன், தைப்பூசத்தின் போது, வண்டியில் இருக்கும் முருகன் படத்துக்குச் சின்னக் கலர் விளக்கு போட்டிருந்தார். சாவி போட்டால் எரிய வேண்டும் என்பதற்காக, கைக்குக் கிடைத்த ஒரு ஒயரைப் பிளேடால் சீவி அதில் விளக்கு ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார். அது சோலினாய்டுக்குப் போகும் ஒயர்!

சீவும்போதே பாதி இழைகள் அறுந்துவிட்டன. டேப்பின் பசை காய்ந்து பிரிந்தது. மழைத் தண்ணீர் கசிந்து செம்பு இழைகளில் பச்சைக் களிம்பு ஏறியது. டேப்பைப் பிரித்தபோது மிஞ்சியிருந்தவை மூன்றே இழைகள். கடைகளுக்குப் போகும் சரக்கும், மகளின் பள்ளிக் கட்டணமும், மனைவியின் சங்கிலியும் அந்த மூன்று இழைகளில்தான் தொங்கிக் கொண்டிருந்தன.

"முருகன் மேல குத்தம் இல்லை தம்பி. ஒட்டுப் போட்டவன் மேலதான் குத்தம்" என்றார் அண்ணாச்சி.

அதோடு முடியவில்லை. பியூஸ் பெட்டியில் ஒரு பியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பி முறுக்கி வைத்திருந்தது. அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது அதைப் பார்த்த பிறகுதான். "வண்டி நின்னா ஒரு நாள் கூலி போகும். இது சூடானா வண்டியே போகும். உள்ளே நீ இருப்பே" என்றார்.

பியூஸ் என்பது காவல்காரன். ஒயர் தாங்கும் அளவைத் தாண்டி மின்சாரம் பாய்ந்தால் தான் எரிந்து ஒயரைக் காப்பாற்றும். அதற்குப் பதிலாகக் கம்பியோ சிகரெட் பெட்டியின் ஈயத் தாளோ வைத்தால், பியூஸுக்குப் பதிலாக ஒயரிங் எரியும். அந்த ஒயரிங் டீசல் குழாயை ஒட்டித்தான் போகிறது என்பதை மறக்கக் கூடாது. தட்டையான பியூஸ்களுக்கு நிறமே அடையாளம்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. எந்த நிறம் இருந்ததோ அதே நிறத்தைத்தான் திரும்பப் போட வேண்டும். புதிய பியூஸும் எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள். பெரிய பியூஸ் போடுவது அதற்கு மருந்து அல்ல.

கெட்டுப் போன துண்டை வெட்டி எறிந்து, அதே பருமன் உள்ள புதிய ஒயரைச் சேர்த்து, ஈயம் வைத்துப் பற்ற வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் மாட்டினார் அண்ணாச்சி. முருகன் விளக்குக்குத் தனியாகப் பியூஸ் வைத்துத் தனி ஒயர் இழுத்துக் கொடுத்தார். சோலினாய்டில் இப்போது 12.3 வோல்ட்.

கூலி ரூ.350.

பட்டறையில் பம்பைக் கழற்றி மாட்டிய பிறகு இரண்டு நாள் எப்படி ஓடியது? மழை ஓய்ந்திருந்தது. கழற்றி மாட்டியதில் ஒயரிங் அசைந்து அந்த மூன்று இழைகளும் கொஞ்சம் நன்றாக ஒட்டிக் கொண்டன. அவ்வளவுதான். பம்ப் செப்பனிட்டதால் ஓடியதாக எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

மும்பையில் ஒயர் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

கடல் காற்றின் உப்பும் நான்கு மாத மழையும் ஒயரின் விரோதிகள். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டி நகரமே மூழ்கியதை இங்குள்ளவர்கள் மறக்க மாட்டார்கள். அவ்வளவு வேண்டாம், சாதாரண மழையில் முழங்கால் தண்ணீரில் ஓட்டினாலே கப்ளர்களுக்குள் தண்ணீர் புகும். காய்ந்துவிட்டது என்று நினைத்திருப்போம். சில மாதம் கழித்துக் களிம்பு வேலையைக் காட்டும்.

காய்கறி வண்டிகளுக்கு எலித் தொல்லை வேறு. சிதறிய காய்க்கு வரும் எலி, ஒயரையும் கடித்துப் பார்த்துவிட்டுப் போகும்.

எர்த் ஒயரைப் பலர் கவனிப்பதே இல்லை. பேட்டரியின் நெகட்டிவ் முனை சேஸிஸோடும் என்ஜினோடும் சேரும் இடத்தில் துரு ஏறினால், வண்டியில் உள்ள எல்லாமே கிறுக்குப் பிடித்த மாதிரி நடக்கும். ஹெட்லைட் போட்டால் டீசல் முள் ஏறும், ஹாரன் அடித்தால் டேஷ்போர்டு விளக்கு மங்கும். அந்த போல்ட்டைக் கழற்றி, உப்புத் தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் போதும். செலவு ஒன்றும் இல்லை.

உண்மையாகவே டீசல் கோளாறு என்றால்...

வண்டி திணறித் திணறி நின்றால் பார்க்க வேண்டிய வரிசை இது:

1. டேங்கில் டீசல் இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பாருங்கள். பழைய வண்டியின் முள் பொய் சொல்லும்.

2. டேங்க் மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்றை உறிஞ்சும் சத்தம் வந்து, பிறகு வண்டி ஓடினால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டீசல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே போகாவிட்டால் பம்ப் இழுக்க முடியாது.

3. பில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்து விடுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை செய்வது நல்லது. பில்டர் அடைத்திருந்தால் மாற்றுங்கள்.

4. டேங்குக்கும் பம்புக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தில் தற்காலிகமாகக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் மாட்டினால் குமிழி ஓடுவது தெரியும். குழாய் கிளிப்புகளையும் செம்பு வாஷர்களையும் மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

5. காற்றுப் பிடித்திருந்தால், பில்டர் மேல் உள்ள திருகைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும் வரை கைப்பம்பை அடியுங்கள். பிறகு இறுக்குங்கள்.

இவை ஐந்தும் சரியாக இருந்தும் வண்டி நின்றால், அப்போது பம்பைச் சந்தேகப்படலாம். அதற்கு முன் அல்ல.

எஞ்செக்டர் குழாயில் டீசல் பீய்ச்சும்போது கையைக் காட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சின்னக் காயம் போலத் தெரிந்தாலும் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காமன் ரெயில் என்ஜின் உள்ள பிந்திய வண்டிகளில் அந்தக் குழாய்களை நாமாகத் தளர்த்தவே கூடாது.

பெட்ரோல் வண்டியாக இருந்தால்

எஞ்செக்ஷன் வகைப் பெட்ரோல் வண்டிகளில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கும், மின்சாரத்தில் ஓடும். சாவி போட்டதும் இரண்டு மூன்று வினாடி 'ஊங்' என்ற சத்தம் பின்னால் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் முதலில் பியூஸ், அடுத்து ரிலே. ஹாரன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே வகையாக இருந்தால், இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பம்ப் ஓடினால் கோளாறு ரிலேயில். அதற்குப் பிறகு பம்பின் எர்த். கடைசியில்தான் பம்ப்.

டேங்கில் எப்போதும் கால் பங்காவது பெட்ரோல் இருக்கட்டும். பம்பைக் குளிர வைப்பதே அந்தப் பெட்ரோல்தான். பெட்ரோல் ஒழுகும் இடத்தில் டெஸ்ட் லாம்போ, பேட்டரியில் ஒயர் உரசிப் பார்ப்பதோ கூடவே கூடாது. ஒரு பொறி போதும்.

சங்கிலி வீடு திரும்பியது

எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். புது வண்டி வாங்க வசதி இல்லாதவர்களுக்கு, இருக்கும் வண்டியை ஒழுங்காக வைத்திருப்பதுதான் பிழைப்பு. அதற்கு மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. வண்டி எப்படி நின்றது, எப்போது நின்றது, நிற்பதற்கு முன் என்ன செய்தது என்பதைக் கவனித்துச் சொன்னாலே போதும். நல்ல மெக்கானிக்குக் கை கொடுக்கும் செய்தி அது. பம்பைக் கழற்றச் சொல்கிறவரிடம், "சோலினாய்டுக்கு நேரடி ஒயர் கொடுத்துப் பார்த்தீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்கவும் துணிவு வரும்.

தாராவி ஓட்டுநர் அன்று மாலை சங்கிலியை மனைவியிடம் திருப்பிக் கொடுத்தார். போன ரூ.18,000 போனதுதான், அது வரப்போவதில்லை. பள்ளிக் கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்ட ஒப்புக் கொள்ளும்படி பள்ளியில் கேட்டுக் கொண்டார்.

அவருடைய வண்டியில் முருகன் விளக்கு இப்போதும் எரிகிறது. படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில், இரண்டு ஒயர் சேர்த்த 12 வோல்ட் பல்பு ஒன்றும் தொங்குகிறது.